பாட்டிலில் உங்கள் பெயர் என்றால், பொறுப்பும் உங்களுடையதே

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

11 வருடங்களாக மணப்பெண் அலங்காரம் செய்கிறார். சொந்தமாகச் சின்ன பார்லர், வருடத்துக்கு 70 முகூர்த்தங்கள் வரை. கறுத்த நிறமோ மாநிறமோ உள்ள பெண்களுக்குக் கடையில் கிடைக்கும் ஃபவுண்டேஷன் ஒத்துவருவதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. போட்ட அரை மணியில் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக ஆல்பத்தில் தெரிகிறது என்கிறார். இரண்டு மூன்று பாட்டில்களைக் கலந்துதான் இதுவரை சமாளித்து வந்திருக்கிறார். இப்போது தன் பெயரிலேயே ஒரு ஃபவுண்டேஷன் வரிசை கொண்டுவர நினைக்கிறார். வெளிமாநிலத் தொழிற்சாலை ஒன்று 24 ஷேடுகள் (நிற வகைகள்) தருவதாகச் சொல்கிறது. ஷேடுக்குக் குறைந்தது 500 பாட்டில், பாட்டில் 90 ரூபாய். மொத்தம் 10 லட்சத்து 80 ஆயிரம். கையில் இருப்பது 6 லட்சம், மீதிக்கு நகையை அடகு வைக்கப் போகிறார். மாதக் கடைசிக்குள் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அவர் கேட்டவை: தயாரிப்பது அவர்கள், லேபிள் மட்டும்தான் நான், ஆகவே சட்டச் சிக்கல் வந்தால் அது அவர்களைத்தானே சேரும்? செலவைக் குறைக்க, பாட்டிலில் அடைக்காத பல்க்கை 20 லிட்டர் கேனில் வாங்கி, வருகிற பெண்ணின் நிறத்துக்கு ஏற்ப பார்லரிலேயே கலந்து அடைத்து விற்கலாமா? நாத்தனார் மகன் சொல்வது போல சீனாவிலிருந்து கூரியரில் வரவழைக்கலாமா? காசு கொடுத்தபின் ஃபார்முலா எனக்குச் சொந்தம்தானே? பிராண்டுக்கு என் மகள் பெயர். ட்ரேட்மார்க்கைத் தாங்களே பதிவு செய்து தருவதாகத் தொழிற்சாலை சொல்கிறது, விடலாமா? '100% பாதுகாப்பானது, பக்கவிளைவே இல்லை, மங்கு மறையும்' என்று விளம்பரம் செய்யலாமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் தொடங்க நினைப்பது தேவையான தொழில். தன் கல்யாண ஆல்பத்தில் தன்னையே அடையாளம் தெரியாமல் நிற்கிற பெண்கள் நம் ஊரில் ஏராளம். அந்தக் குறையைத் தினமும் கையால் தொட்டுப் பார்த்தவர் நீங்கள். அதனால்தான் உங்கள் பணமும் பெயரும் தப்பான ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற அக்கறையோடு எழுதுகிறேன்.

'லேபிள் மட்டும்தான் நான்' என்ற எண்ணம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி இதுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'பொருள் தயாரிப்பாளர்' யார் என்று 2(36)-ஆம் பிரிவில் விளக்குகிறது. உண்மையில் தயாரிப்பவர் மட்டுமல்ல, வேறொருவர் தயாரித்த பொருளில் தன் குறியை இடுபவரும், இடச் செய்பவரும் தயாரிப்பாளர்தான். அதாவது உங்கள் பிராண்டு பெயர் பாட்டிலில் ஏறிய நிமிடத்திலிருந்து, வாங்கியவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு நீங்கள் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். 'நான் விற்றேன், அவ்வளவுதான்' என்ற வாதம் அங்கே எடுபடாது.

இன்னொன்றும் உண்டு. அதே சட்டப்படி வாடிக்கையாளர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இன்ஸ்டாகிராம் பார்த்து கோயம்புத்தூரில் ஒருவர் வாங்கி முகம் வீங்கினால், கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்கள்தான் போய் நிற்க வேண்டும். தொழிற்சாலையிடம் அந்த நஷ்டத்தைத் திரும்ப வாங்க முடியுமா? முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால்தான் சுலபம். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலில் அந்த வரியே இல்லை. இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்பது, புகார் வந்தால் அந்த பேட்ச்சின் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின்) பதிவேடுகளையும் எடுத்து வைத்த மாதிரியையும் தருவது, சந்தையிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற நேர்ந்தால் செலவை யார் ஏற்பது, இந்த மூன்றும் எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொருள் பொறுப்புக்கான காப்பீட்டையும் விசாரித்து வையுங்கள்.

பார்லரில் கலந்து அடைப்பது, கூரியரில் வரவழைப்பது

அழகு சாதனங்களை வாங்கி விற்பதற்கு, மருந்துக் கடைக்கு இருப்பது போல விற்பனை உரிமம் நம் நாட்டில் தேவையில்லை. உங்களிடம் யாரோ 'லைசென்ஸே வேண்டாம்' என்று சொன்னது இதை வைத்துத்தான் இருக்கும். அது பாதி உண்மை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனங்கள் சட்டத்தில் 'தயாரிப்பு' என்பதன் விளக்கம் விரிவானது. விற்பனைக்காக மாற்றுவது, அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பெரிய அளவைச் சிறிதாகப் பிரிப்பது எல்லாமே அதற்குள் வந்துவிடும். ஆக, கேனில் வாங்கி நிறம் கலந்து பாட்டிலில் அடைத்து உங்கள் பெயரில் விற்றால், உரிமம் இல்லாமல் தயாரித்ததாகவே ஆகும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். திறந்த கேனிலிருந்து கரண்டியால் எடுத்து அடைக்கும் திரவத்தில் கிருமி புக எத்தனையோ வழி உண்டு. கண்ணுக்குப் பக்கத்தில் பூசுகிற பொருள் இது.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மணப்பெண்ணுக்கு, முறையாக வாங்கிய இரண்டு ஷேடுகளைத் தட்டில் கலந்து நீங்கள் பூசுவது வேறு விஷயம். அது உங்கள் சேவை. தாராளமாகச் செய்யுங்கள்.

சீனக் கூரியர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: வேண்டாம். இறக்குமதி செய்யும் அழகு சாதனத்துக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் முன்கூட்டியே பதிவு வேண்டும். அதற்கான கட்டணம் அமெரிக்க டாலரில். உங்கள் அளவுக்கு அது கட்டுப்படியாகாது. பதிவில்லாமல் வந்த சரக்கைச் சுங்கத்தில் பிடித்தால் முதலும் போய்விடும்.

ஆகவே உங்களுக்கு முன்னால் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, தர்ட் பார்ட்டி முறை. உரிமம் உள்ள தொழிற்சாலை தன் உரிமத்திலேயே தயாரிக்கும். லேபிளில் தயாரிப்பவர் அவர்கள், விற்பனை செய்பவர் நீங்கள் என்று இரண்டு பெயரும் வரும். இன்னொன்று, லோன் லைசென்ஸ். அவர்களுடைய இடத்தையும் இயந்திரத்தையும் பயன்படுத்தி உங்கள் பெயரிலேயே உரிமம் வாங்கித் தயாரிப்பது. 2020-ஆம் ஆண்டின் அழகு சாதன விதிகளில் இரண்டுக்கும் இடம் உண்டு. உரிமத்தை மாநில உரிம அதிகாரி தருகிறார். தொடக்கத்துக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தொழிற்சாலைக்கு அழகு சாதனம் தயாரிக்கத் தரப்பட்ட சிஓஎஸ்-8 உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, அனுமதிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் ஃபவுண்டேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாம்புவுக்கும் க்ரீமுக்கும் அனுமதி வாங்கிவிட்டு மேக்கப் ஆர்டர் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உரிம எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

24 ஷேடு எதற்கு?

இது சட்டக் கேள்வி இல்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு ஒப்பந்தம் எழுதி எழுதி, பணம் எங்கே முடங்கும் என்று பார்த்திருக்கிறேன். 2017-இல் ஃபென்டி பியூட்டி ஒரே நாளில் 40 ஷேடுகளோடு இறங்கி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதன் பின்னால் பெரிய முதலீடு இருந்தது. உங்களுக்கு 24 ஷேடு என்றால் 12,000 பாட்டில். 30 மில்லி பாட்டில் ஒன்று பல முகங்களுக்கு வரும். வருடத்துக்கு 70 கல்யாணம் செய்பவர், தெரிந்த பார்லர்கள், உங்களிடம் படித்த மாணவிகள் எல்லோரையும் சேர்த்தாலும், காலாவதிக்கு முன் 12,000 பாட்டில் எங்கே போகும்? அதிலும் எல்லா ஷேடும் ஒரே வேகத்தில் போகாது. நடு ஷேடுகள் தீர்ந்துபோய் நிற்கும். வெளுத்த ஷேடுகள் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். அவர்களுடைய 24-இல் 14 வெளுத்த நிறத்துக்கானவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வாடிக்கையாளருக்கு வேண்டாத ஷேடுகளுக்கு நகையை அடகு வைப்பானேன்?

மாநிறத்திலிருந்து அடர் கறுப்பு வரை 6 ஷேடு, கூடவே மஞ்சள் பக்கமும் சிவப்புப் பக்கமும் நிறத்தைச் சாய்க்கக் கலக்கும் 2 திரவம் (மிக்ஸர்), இவற்றோடு தொடங்குங்கள். மிக்ஸரும் தொழிற்சாலையிலேயே தனிப் பொருளாக அடைத்து வரட்டும். வாங்குபவர் தன் கையில் கலந்துகொள்ளலாம். 500 வீதம் 4,000 பாட்டில், 3 லட்சத்து 60 ஆயிரம். நகையைத் தொட வேண்டாம். மீதிப் பணம் சோதனைக்கும் லேபிளுக்கும் ஆகும்.

சாம்பல் பூப்பதற்குக் காரணம் பெரிய ரகசியம் அல்ல. ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருபவை முக்கியமாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடும். பல தொழிற்சாலைகள் வெளுத்த நிறத்துக்குச் செய்த பேஸை (அடிப்படைக் கலவையை) எடுத்து, அதிலேயே கறுப்பைக் கூட்டி அடர் ஷேடு செய்துவிடுகின்றன. வெள்ளையின் அளவு அப்படியே இருப்பதால், தோலில் பூசியதும் சாம்பல் தட்டுகிறது. அடர் ஷேடுகளுக்கு வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் கூட்டிய தனி பேஸ் கேளுங்கள். மாதிரி வந்ததும் கையில் தேய்த்துப் பார்க்காமல், தாடையோரம் பூசி வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். நாலு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், எண்ணெய் வழியும் முகத்தில் நிறம் அடர்ந்துபோகும். ஃபிளாஷ் போட்டு ஒரு படமும் எடுங்கள். ஆனால் பாதுகாப்புச் சோதனை அறிக்கை வராத மாதிரியை மணப்பெண் முகத்தில் முகூர்த்தத்தன்று போட்டுப் பார்க்க வேண்டாம். சம்மதித்த தோழிகளிடம், காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்த பிறகு பூசிப் பாருங்கள்.

'எல்லாச் சருமத்துக்கும் ஒரே ஃபவுண்டேஷன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். மணமேடையில் ஹோமப் புகையும் வியர்வையும் தாங்க வேண்டிய பொருளும், கல்லூரிப் பெண் தினமும் லேசாகப் பூசும் பொருளும், 50 வயதில் சருமம் வறண்டவருக்கு ஒத்துவரும் பொருளும் ஒன்றாக இருக்க முடியாது. உங்களுக்குக் கைவந்த வாடிக்கையாளர் மணப்பெண்தான். அவருக்கு நன்றாகச் செய்துவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்குப் போகலாம்.

ஃபார்முலா யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்ததாலேயே ஃபார்முலா உங்களுடையது ஆகிவிடாது. ஒருவர் தயாரித்ததை இன்னொருவர் தன் பெயரில் விற்கும் பிரைவேட் லேபிள் தொழிலில் பெரும்பாலும் தொழிற்சாலையின் தயார் ஃபார்முலாதான் பாட்டிலில் வரும். அதே திரவம் வேறு பெயரில் வேறு ஊரிலும் விற்கும். அதில் தவறில்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். 6 ஷேடுகளையும் உங்கள் வழிகாட்டுதலில் புதிதாக உருவாக்குகிறார்கள் என்றால், அந்த நிற விகிதங்கள் உங்களுடையவை, வேறு யாருக்கும் அவற்றைத் தரக் கூடாது, ஒப்பந்தம் முடிந்தால் முழு விவரத்தையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பேரம் பேசிக் கொடுங்கள், பின்னால் தொழிற்சாலையை மாற்ற நேர்ந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

'வேறு யாருக்கும் எப்போதும் ஃபவுண்டேஷனே செய்து தரக் கூடாது' என்று நீங்கள் போட விரும்பும் நிபந்தனை நிற்காது. ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ரகசியம் காக்கச் சொல்வது செல்லும். அதை மட்டும் கேளுங்கள்.

மூலப்பொருளையோ நிறமியையோ மாற்றினால் முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும், ஒப்புக்கொண்ட ஷேடு மாதிரியை இரண்டு பேரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேட்ச்சையும் அதோடு ஒப்பிட வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது ஆர்டரில் நிறம் மாறி வந்து சண்டையாவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ட்ரேட்மார்க்கை அவர்கள் கையில் விடவே விடாதீர்கள். பதிவு யார் பெயரில் இருக்கிறதோ பிராண்டு அவருடையது. அழகு சாதனங்கள் 3-ஆம் வகுப்பில் வரும். தனிநபராக இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, நேரில் போக வேண்டிய அவசியமில்லை. அதற்கு முன் பதிவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். உங்கள் மகள் பெயர் அழகான பெயர். ஆனால் பரவலான பெயர். அதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் விற்றுக்கொண்டிருந்தால், முதலில் பயன்படுத்தியவர் என்ற உரிமை அவருக்கு உண்டு. பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துத் தனித்துவமாக்குவது நல்லது.

சோதனையும் லேபிளும்

அவர்கள் அனுப்பிய ஒரு பக்கச் சான்றிதழ் போதாது. நீங்கள் கேட்க வேண்டியவை: 40 டிகிரி வெப்பத்தில் 3 மாதம் வைத்து, கெடாமல் இருக்கிறதா என்று பார்த்த ஸ்டெபிலிட்டி அறிக்கை (தஞ்சாவூர் கோடையில் கூரியர் வண்டிக்குள் பாட்டில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்), கிருமி அளவு, கெடாமல் காக்கும் சேர்க்கை வேலை செய்கிறதா என்று கிருமியைச் செலுத்திப் பார்க்கும் பிரிசர்வேட்டிவ் சோதனை, பேட்ச் டெஸ்ட், ஈயம், ஆர்சனிக், பாதரச அளவுகள். தவறுதலாகக் கலந்த பாதரசம்கூட ஃபவுண்டேஷனில் 1 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் ஒரு பங்கை) தாண்டக் கூடாது என்பது விதி. முதல் பேட்ச்சிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, நீங்களே வேறொரு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

லேபிளில் பொருளின் பெயர், தயாரிப்பவர் முகவரி, உங்கள் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த மாதம், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், நிகர அளவு, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் தொலைபேசி எண், உட்பொருட்கள் எல்லாம் வர வேண்டும். உட்பொருள் பட்டியலை நீங்களும் ஒரு முறை படியுங்கள், வாடிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

விளம்பர வாசகங்கள்

'மங்கு மறையும்' என்பதை உடனே அடித்துவிடுங்கள். மங்கை மூடி மறைக்கிறது என்றால் அது மேக்கப். மங்கைப் போக்கும் என்று சொன்னால் மருந்து என்று உரிமை கோருகிறீர்கள். அதற்குச் சட்டம் வேறு, உரிமம் வேறு.

'100% பாதுகாப்பானது, பக்கவிளைவே இல்லை' என்பது இன்னும் ஆபத்து. அது நீங்கள் கொடுக்கும் வெளிப்படையான உத்தரவாதம். நுகர்வோர் சட்டத்தின் 84-ஆம் பிரிவுப்படி, அந்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் கவனக்குறைவாக இல்லை என்று நிரூபித்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. எந்தப் பொருளும் யாரோ ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். 'முதலில் காதுக்குப் பின்னால் பூசி 24 மணி நேரம் பாருங்கள், எரிச்சல் இருந்தால் பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதுங்கள். அது வாங்குபவரையும் காக்கும், உங்களையும் காக்கும். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண் போடுவதென்றால் அதற்கான சோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும். டைட்டானியம் கலந்திருக்கிறது என்பது மட்டும் போதாது. பிரபலங்களுக்கு இலவசமாகப் பாட்டில் கொடுத்துப் பேசச் சொன்னால், அது விளம்பரம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஷேடு பெயர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். தொழிற்சாலைப் பட்டியலில் வெளுத்த ஷேடுகளுக்கு முத்து, நிலா என்றும், அடர் ஷேடுகளுக்கு வெறும் 'டார்க் 1', 'டார்க் 2' என்றும் இருக்கிறது. அதை அப்படியே ஏற்காதீர்கள். தோல் நிறத்தை வைத்து ஒருவரைத் தாழ்த்தும் விளம்பரம் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் குழுவின் நெறிமுறையே சொல்கிறது. அதைவிட முக்கியம், உங்கள் கடையில் அந்தப் பாட்டிலை எடுக்கும் பெண் கடைசி வரிசையில் நிற்பதாக நினைக்கக் கூடாது. அடர் ஷேடிலிருந்தே 1 என்று எண்ணத் தொடங்குங்கள்.

மாதக் கடைசிக்குள் என்ன செய்யலாம்?

முன்பணம் அனுப்ப வேண்டாம். இந்த வாரம் ட்ரேட்மார்க் தேடலை முடித்து, உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். தொழிற்சாலைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: உரிம நகல், அனுமதிப் பொருள் பட்டியல், மேலே சொன்ன சோதனை அறிக்கைகள், 6 ஷேடுகளுக்கும் 2 மிக்ஸருக்கும் விலை, தனி பேஸில் செய்த மாதிரிகள். மாதிரிக்குப் பணம் கேட்டால் கொடுங்கள், அது நியாயம். உரிம நகலைத் தர மறுத்தால் அவர்களை விட்டுவிடுங்கள். இந்தத் தொழிலில் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் சரியாக வந்தால், நான் சொன்ன வரிகளைச் சேர்த்துத் திருத்திய ஒப்பந்தத்தை, கையெழுத்துக்கு முன் உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதித் தொகையை, பேட்ச் மாதிரி நீங்கள் கையெழுத்திட்ட ஷேடோடு ஒத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் தருவேன் என்று எழுதிக் கேளுங்கள்.